தலைக்காயமும் முன்கணிப்பும்: ஒரு ஃபிக்ஹுப் பார்வை

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூர் போன்ற சிற்றூர்களில் விபத்துக்குள்ளாகித் தலையில் அடிபட்டவரைத் திருச்சிக்கோ புதுக்கோட்டைக்கோ கொண்டு செல்லும் உறவினர், மருத்துவரிடம் முதலில் வினவுவது ‘பிழைத்துக்கொள்வாரா?’ என்பதே. மறைவானவற்றை அல்லாஹ் ஒருவனே அறிவான் என்று நம்பும் நாம், மருத்துவரின் விடையை எவ்வாறு கொள்வது?

தலைக்காயத்தைத் தரம் பிரித்தறிவது நம் மரபுக்குப் புதியதன்று. ஃபிக்ஹு நூல்கள் ‘ஷிஜாஜ்’ என்னும் தலைப்பில் இதனை விரிவாகப் பேசுகின்றன. எலும்பு தெரியும் காயம் ‘மூளிஹா’. அதற்கு ஈடு 5 ஒட்டகங்கள். மூளையைப் போர்த்திய சவ்வை எட்டும் காயம் ‘மஃமூமா’. அதற்கு முழு உயிரீட்டில் (தியத்) மூன்றிலொரு பங்கு. ஆயினும் காயம் ஆறி, முடிவு தெரியும்வரை தீர்ப்பைப் பொறுத்துவைக்க வேண்டும் என்பதே பெரும்பாலான சட்ட அறிஞர்களின் நிலை. காயத்தின் ஆழம் வேறு, அதன் முடிவு வேறு என்பதை அவர்கள் நன்குணர்ந்திருந்தனர்.

இக்கால மருத்துவம் அம்முடிவை முன்கூட்டியே மதிப்பிட முயல்கிறது. 1974இல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்களான டீஸ்டேலும் ஜென்னெட்டும் ஓர் அளவுகோலை வகுத்தனர். கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, உடல் அசைவுக்கு 6 என 15 வரை மதிப்பெண். மிகக் குறைந்தது 3. எட்டும் அதற்குக் கீழும் கடுங்காயம். 2008இல் வெளியான ‘க்ராஷ்’ கணிப்புமுறை, 10,008 நோயாளிகளின் விவரங்களைக் கொண்டு உருவானது. வயது, மேற்சொன்ன மதிப்பெண், ஒளிபட்டுக் கண்மணி சுருங்குகிறதா என்பது, உடலின் பிற பெருங்காயங்கள் ஆகியவற்றைக் கொண்டு, 14 நாள்களுக்குள் இறப்பும் 6 மாதத்தில் இறப்போ கடும் ஊனமோ நேரும் வாய்ப்பும் கணிக்கப்படுகின்றன. ஸ்கேன் படம் இருப்பின் அதுவும் சேரும். நோயாளி செல்வ நாட்டினரா, பிற நாட்டினரா என்றும் அது கேட்கிறது. ஆக, முடிவைத் தீர்மானிப்பது காயம் மட்டுமன்று. கிடைக்கும் சிகிச்சையும் கூடத்தான்.

‘இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு அறுபது’ என்றால், இவரையொத்த நூறு பேரில் அறுபதின்மர் இறக்கக்கூடும் என்பதே பொருள். நம் நோயாளி அறுபதின்மரில் ஒருவரா, நாற்பதின்மரில் ஒருவரா என்பதை அவ்வெண் சொல்வதில்லை. எனவே அது மறைவறிவும் அன்று, உறுதியும் (யகீன்) அன்று; மேலோங்கிய எண்ணமே (காலிபுள் ளன்ன்). அத்தகைய எண்ணத்தின்படி செயல்பட ஷரீஅத் இடமளிக்கிறது. கிப்லா தெரியாதவர் ஆய்ந்து ஒரு திசை நோக்கித் தொழுகிறார். தொழுகையின் நடுவே சரியான திசை தெரியவந்தால் அப்பக்கம் திரும்பிக்கொள்வார் என்பது ஹனஃபிச் சட்டம். மருத்துவரும் அவ்வாறே நாள்தோறும் மறு ஆய்வு செய்யக் கடமைப்பட்டவர்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. ‘தேறமாட்டார்’ எனக் கணித்துச் சிகிச்சையைக் குறைத்தால் நோயாளி இறப்பார். கணிப்பு பலித்ததாகத் தோன்றும். பேரழிவான மூளைக்காயத்தில் சிகிச்சையை நிறுத்தும் முடிவுக்கு முன் 72 மணிநேரம் பொறுக்குமாறு 2015இல் நரம்பியல் தீவிர சிகிச்சை வல்லுநர்கள் பரிந்துரைத்தது இதனால்தான்.

மூளைச்சாவு இதனின்று வேறுபட்டது. அது வருவதைக் கணிப்பதன்று. நேர்ந்துவிட்டதைச் சோதனைகளால் உறுதிசெய்வது. 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளை மருத்துவர்களான அவர்தம் பெற்றோர் கொடையளித்ததைத் தமிழகம் அறியும். 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமி மூளைச்சாவை மரணமாக ஏற்றது. 1987இல் மக்காவின் ஃபிக்ஹு அவையோ, கருவிகளை அகற்ற இசைந்தபோதிலும், இதயமும் மூச்சும் முற்றாக நின்ற பின்னரே மரணச் சட்டங்கள் பொருந்தும் என்றது. அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிலவுவது இங்கேதான்.

எனவே குடும்பத்தார் மருத்துவரிடம் கேட்கவேண்டியவை மூன்று: இது கணிப்பா, உறுதியான முடிவா? எத்தனை நாளில் மறுபடியும் பார்ப்பீர்கள்? பிழைத்தால் எந்நிலையில் இருப்பார்? இவற்றைக் கேட்பது தவக்குலுக்கு முரணன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைப்பதே நமக்குக் கற்பிக்கப்பட்ட நெறி.