வாடகை வீட்டில் தீப்பிடித்தால் யார் பொறுப்பு?



நம் குழுக்களில் வாடகை வீட்டில் குடியிருக்கும் உறுப்பினர்கள் உண்டு. கடன் வாங்கி ஓர் அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் உறுப்பினர்களும் உண்டு. சுவிட்சில் தீப்பொறி பறந்தால் குடியிருப்பவர், "வீட்டுக்காரம்மா வந்து பார்க்கட்டும்" என்பார். வீட்டுக்காரரோ, "குடியிருக்கிறவங்கதானே பார்த்துக்கணும்" என்பார். இப்படியே தள்ளிப்போட்டால் ஒருநாள் தீ முந்திக்கொள்ளும். ஒருவருக்கு வீடு போகும். இன்னொருவருக்கு ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ், தையல் மிஷின் எல்லாம் போகும். உயிரே போனாலும் போகலாம். அதனால் யார் எதைப் பார்க்க வேண்டும் என்று இந்த இதழில் பேசுவோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், வயரிங் வேலை வீட்டு உரிமையாளருடையது. சுவிட்ச், பிளக் பாயிண்ட் பழுது குடியிருப்பவருடையது. இது நகர்ப்பகுதிக்கான சட்டம்தான். ஆனாலும் இந்தப் பிரிவினை நம் கிராமத்துக்கும் நல்ல வழிகாட்டி.

வீட்டுக்காரர் பார்க்க வேண்டியவை

1. ஆள் குடிவைக்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வயரிங், எர்த் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். மின்கசிவு வந்தால் தானாக நிறுத்தும் ட்ரிப்பர் போடுங்கள்.

2. சமையலுக்கென்று பக்கத்தில் கீற்றுச் சாய்ப்பு இறக்கித் தருவதைத் தவிருங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறையில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்துபோனார்கள். சமையல் இடத்துக்கு மேல் ஓடோ தகரமோ இருக்கட்டும்.

3. பின்கதவை ஆணி அடித்தோ சாமான் அடுக்கியோ அடைக்காதீர்கள். தீப்பிடித்தால் வெளியேற வழி வேண்டும்.

குடியிருப்பவர் பார்க்க வேண்டியவை

1. ஃபியூஸ் போனால் தடித்த கம்பியைக் கட்டாதீர்கள். ஃபியூஸ் எரிந்து போவதே நம்மைக் காப்பாற்றத்தான். தடித்த கம்பி எரியாது, அதற்குப் பதில் சுவருக்குள் இருக்கும் வயர் சூடாகி எரியும்.

2. ஒரே பிளக்கில் கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் என்று எல்லாவற்றையும் மாட்டாதீர்கள்.

3. கேஸ் அடுப்பு சிலிண்டரைவிட உயரமான மேடையில் இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள டியூபையே வாங்குங்கள். 5 வருடத்துக்கு ஒருமுறை, வெடிப்பு தெரிந்தால் உடனே, மாற்றுங்கள்.

4. கேஸ் இணைப்பின் முகவரியை மாற்றுங்கள். பதிவு செய்த வாடிக்கையாளர்களுக்காக எண்ணெய் நிறுவனங்கள் விபத்துக் காப்பீடு எடுத்திருக்கின்றன. இதற்கு நாம் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் சிலிண்டர் விபத்தில் பொருள் சேதமானால், இணைப்பு பதிவாகியுள்ள முகவரிக்குத்தான் இழப்பீடு. இணைப்பு மாமியார் வீட்டு முகவரியில் இருந்து, நாம் வாடகை வீட்டில் சமைத்தால் அந்த உதவி கிடைக்காமல் போகும். குடிமாறிய உடனே கேஸ் ஏஜென்சியில் எழுதிக் கொடுங்கள்.

கேஸ் வாடை வந்தால்

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கி நிற்கும். லைட்டைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, பிள்ளைகளோடு வெளியே வாருங்கள். வெளியே வந்தபிறகு 1906 எண்ணுக்குப் பேசுங்கள்.

எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்துத் தட்டால் மூடுங்கள். தீக்காயத்தில் பேஸ்ட், இங்க் தடவ வேண்டாம். 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் விடுங்கள். தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108.

குழுவில் செய்ய வேண்டியது

அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் உட்கார்ந்து பேசி, எந்த வேலை யாருடையது, செலவு யாருடையது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். "வயரிங் மாத்திக் கொடுங்க" என்று தனியாகக் கேட்கத் தயங்கும் சகோதரிக்காகக் குழுத் தலைவியும் உடன் போய்ப் பேசலாம். கேட்பது சண்டை அல்ல. அந்த வீடு இருவருக்குமே வேண்டியது.