ஒரு துப்பாக்கியில் இரண்டு கண்ணாடிகள்

முந்நூறு மீட்டருக்கு அப்பால் வயல் வரப்பில் ஒருவர் நடந்துபோகிறார். தோளில் நீளமாக எதையோ சாத்தியிருக்கிறார். மண்வெட்டியா, துப்பாக்கியா? நல்ல பார்வையுள்ள மனிதக் கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு. 300 மீட்டர் தொலைவில் அது கிட்டத்தட்ட 9 செ.மீ. ஆகிறது. அதைவிட நுணுக்கமான வடிவ வேறுபாடுகள் ஒன்றோடொன்று குழம்பிப்போகும். நான்கு மடங்கு பெருக்கிக் காட்டும் தொலைநோக்கி இருந்தால் அந்த எல்லை 2 செ.மீ. சொச்சத்துக்கு இறங்கிவிடுகிறது. காம்பு எது, குழல் எது என்று தெரிந்துவிடும். ஆப்கானிஸ்தான் வயல்வெளிகளில் ரோந்துபோன படைவீரருக்கு, விசையில் விரலை வைப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்தது இந்தச் சில சென்டிமீட்டர்தான். துப்பாக்கித் தொலைநோக்கி ஓர் உழவரைச் சுடாமல் விடுவதற்கும் உதவுகிறது. இந்தத் துறையைப் பற்றி எழுதுபவர்கள் இதைப் போதிய அளவு சொல்வதில்லை என்பது என் எண்ணம்.

அதே வீரர் சற்று நேரத்தில் ஒரு மண்சுவர் வீட்டுக்குள் நுழைகிறார். இப்போது எதிரில் இருப்பது 5 மீட்டர் தொலைவுள்ள ஓர் அறை. அமெரிக்கப் படைகள் பெருமளவில் பயன்படுத்திய ஏகாக் என்ற நான்கு மடங்குத் தொலைநோக்கியின் பார்வைப் புலம் சுமார் 7 பாகை. 5 மீட்டரில் அது 60 செ.மீ. அகலம். அறையில் எத்தனை பேர், எங்கே நிற்கிறார்கள், அவர்களில் குழந்தை உண்டா என்பதெல்லாம் அந்த வட்டத்துக்கு வெளியே போய்விடும். உள்ளே தெரிவதும் மங்கலாகவே இருக்கும். உருப்பெருக்கம் கூடக்கூடப் பார்வைப் புலம் சுருங்கும். எவ்வளவு விலை கொடுத்துக் கண்ணாடி வாங்கினாலும் இதிலிருந்து தப்பிக்க வழியில்லை.

ஆகவே தொலைவுக்கு ஒன்று, கிட்டத்துக்கு ஒன்று என இரண்டு பார்வைகளை ஒரே துப்பாக்கியில் வைத்தாக வேண்டும். இதற்காகக் கடந்த சில பத்தாண்டுகளில் வந்த கருவிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். பெருக்கத்தைப் பற்றியோ எடையைப் பற்றியோ அவற்றுக்குள் பெரிய சண்டை இல்லை. ஒரு பார்வையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் வேலையை உடம்பில் யாரிடம் ஒப்படைப்பது என்பதில்தான் அவை வேறுபடுகின்றன. சில அதைக் கழுத்திடம் விடுகின்றன, சில கையிடம். ஒன்று மட்டும் துணிந்து மூளையிடமே விட்டது.

முதலில் கிட்டத்துக்கான கண்ணாடி. அதன் மூலக்கருத்து வானியலாளர்களின் பட்டறையிலிருந்து வந்தது. அயர்லாந்தின் டப்ளின் நகரில் தொலைநோக்கிகள் செய்துவந்த ஹோவர்ட் கிரப் 1900-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். கிரப்புக்கு முன்பு துப்பாக்கியில் இருந்தது பின்னால் ஒரு காடி, முனையில் ஒரு முள். காடி, முள், இலக்கு மூன்றையும் ஒரே கோட்டில் நிறுத்த வேண்டும். மூன்றும் மூன்று தொலைவுகளில் இருக்கின்றன. கண்ணின் லென்ஸால் ஒரு நேரத்தில் ஒன்றின் மீதுதான் குவிய முடியும். வயது நாற்பதைத் தாண்டினால் முள்ளும் காடியும் கலைந்துபோகும்.

ஒளிரும் குறி ஒன்றைக் குவிலென்ஸின் குவியத்தில் வைத்தால் அதிலிருந்து கிளம்பும் கதிர்கள் லென்ஸைத் தாண்டியதும் இணையாகிவிடும். நட்சத்திர ஒளியும் நம்மிடம் இணைகதிராகத்தான் வந்து சேர்கிறது. எனவே கண்ணுக்கு அந்தக் குறி எங்கோ முடிவிலியில், இலக்கோடு இலக்காக மிதப்பதாகத் தோன்றும். இலக்கில் கண் குவிந்தால் குறியும் தானாகக் கூர்மையாகத் தெரியும். இதைவிட அழகான விளைவு இன்னொன்று உண்டு. இணைகதிருக்குத் திசை மட்டுமே உண்டு, இடம் கிடையாது. தலையைச் சற்று இடமோ வலமோ நகர்த்தினாலும் குறி காட்டும் திசை மாறாது. முதல் உலகப் போரின் இறுதியில் ஜெர்மன் போர் விமானங்களுக்கும், இரண்டாம் உலகப் போரில் எல்லாத் தரப்பு விமானங்களுக்கும் இந்தக் கருவி போய்ச் சேர்ந்தது. துப்பாக்கியில் பொருந்தும் அளவுக்குச் சிறிதாக்க, மிகச் சிறிய, மிகக் குறைந்த மின்சாரம் குடிக்கும் விளக்கு தேவைப்பட்டது. அது எல்இடி. 1975-இல் ஸ்வீடனின் எய்ம்பாயின்ட் நிறுவனம் முதல் மின்னணுச் சிவப்புப் புள்ளிக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முன்கண்ணாடியின் உள்பக்கம் சிவப்பை மட்டும் எதிரொளித்து மற்ற நிறங்களை உள்ளே விடும் பூச்சு இருக்கும். அதனால் அதன் வழியே பார்க்கும்போது உலகம் லேசாக நீலம் பூத்துத் தெரியும். இன்றைய கருவிகள் சில ஒரே மின்கலத்தில் 50,000 மணி நேரம், அதாவது அணைக்காமலே ஐந்தாண்டுக்கு மேல், ஒளிர்கின்றன.

இரண்டு கண்களையும் திறந்துவைத்து, அறை முழுவதையும் பார்த்தபடியே குறிவைக்க முடிகிற கருவி இது. ஆனால் எதையும் பெருக்கிக் காட்டாது. மண்வெட்டிக் கேள்விக்கு இதனிடம் விடையில்லை.

ஜெர்மானியர்கள் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். 1990-களின் பிற்பாதியில் ஜெர்மன் ராணுவத்துக்கு வந்த ஜி36 துப்பாக்கியின் கைப்பிடியில் ஹென்சோல்ட் நிறுவனம் செய்த மூன்று மடங்குத் தொலைநோக்கி இருந்தது, அதன் தலைமேல் பெருக்கமில்லாத புள்ளிக் கருவி ஒன்று. பகலில் புள்ளிக்கு வெளி வெளிச்சமே ஒளி, இரவில் மின்கலம். பிற்பாடு பிரிட்டிஷ் படையினரும் நான்கு மடங்குத் தொலைநோக்கியின் முதுகில் கட்டைவிரல் அளவுச் சிறு புள்ளிக் கருவியைப் பொருத்திக்கொண்டார்கள். இங்கே மாறும் வேலை கழுத்துக்கு. தலையை ஓர் அங்குலம் உயர்த்தினால் போதும், கை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஆனால் தலை உயர்ந்தால் கன்னம் துப்பாக்கிக் கட்டையை விட்டு எழும்பிவிடுகிறது. கன்னம் கட்டையில் ஒரே இடத்தில் பதிந்திருந்தால்தான் கண்ணும் ஒரே இடத்தில் இருக்கும். தாடையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு புள்ளியைத் தேடுவது பயிற்சியில் மட்டுமே வசப்படும். இன்னொன்று உயரம். சாதாரணமாகவே பார்வைக்கோடு குழலுக்கு மேலே 6, 7 செ.மீ. உயரத்தில் ஓடும். மேலடுக்கில் அது இன்னும் சில சென்டிமீட்டர் ஏறிவிடும். பார்வைக்கோடும் குண்டின் பாதையும் முதன்முறை வெட்டிக்கொள்வது பல பத்து மீட்டர்களுக்கு அப்பால்தான். எனவே 5 மீட்டரில், எந்த வேலைக்காக அந்தப் புள்ளி வைக்கப்பட்டதோ அதே தூரத்தில், குண்டு புள்ளிக்குக் கிட்டத்தட்ட ஒரு கையகலம் கீழே போய்ப் படும். அதை மனத்தில் கணக்கிட்டே குறிவைக்க வேண்டும்.

ஒளியியல்படி எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு வழி. புள்ளிக் கருவி அதன் இடத்திலேயே இருக்கட்டும். அதற்கும் கண்ணுக்கும் நடுவில் மூன்று மடங்குச் சிறு தொலைநோக்கி ஒன்றைக் கீல் வைத்துப் பொருத்துங்கள். வேண்டும்போது நிமிர்த்தலாம், வேண்டாதபோது கையால் பக்கவாட்டில் தட்டிவிடலாம். இது எப்படி வேலை செய்கிறது? தொலைநோக்கி இணைகதிரை வாங்கி இணைகதிராகவே வெளியிடும், கோணத்தை மட்டும் மூன்று மடங்காக்கும். புள்ளியின் கதிர்கள் கிரப் சொன்னபடி ஏற்கெனவே இணையானவை. இலக்கிலிருந்து வருபவையும் ஏறத்தாழ அப்படியே. இரண்டும் ஒரே திசையில் உள்ளே போனால் ஒரே திசையில்தான் வெளியே வரும். ஆகவே தொலைநோக்கி சற்றுக் கோணலாக உட்கார்ந்திருந்தாலும் புள்ளி இலக்கைவிட்டு நகராது. காட்சி முழுவதும் சேர்ந்து நகரும், அவ்வளவுதான். ஆயிரம் முறை தட்டிவிட்டு நிமிர்த்தினாலும் துப்பாக்கியின் குறி கலையாது. இதையே புள்ளிக் கருவிக்கு முன்னால் வைத்தால் கதை வேறு. இலக்கு மட்டும் தொலைநோக்கி வழியாக வரும், புள்ளி வராது. அப்போது ஒரு மயிரிழைக் கோணலும் குறியைப் பிழையாக்கும்.

இதற்கும் எல்லை உண்டு. 2 கலை அளவுள்ள புள்ளி 300 மீட்டரில் சுமார் 17 செ.மீ. அகலத்தை மறைக்கிறது. மூன்று மடங்கு பெருக்கினால் இலக்கும் பெரிதாகும், புள்ளியும் பெரிதாகும். மறைப்பது அதே 17 செ.மீ.தான். யார், என்ன வைத்திருக்கிறார் என்று பார்ப்பதற்கு இந்த ஏற்பாடு நன்று. நுணுக்கமாகக் குறிவைப்பதற்கு ஓரளவுதான் உதவும். அதற்காகச் சுமார் 300 கிராம் கூடுதல் எடையைத் தூக்கிச் சுமக்க வேண்டும்.

மூளையிடம் வேலையை விட்டவர் கிளின் பிண்டன். தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பொறியாளர். அவர் செய்ததை அறிய வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு தாளைக் குழாயாகச் சுருட்டி வலக்கண்ணில் வையுங்கள். இடக்கண்ணுக்கு எதிரே, குழாயை ஒட்டி உள்ளங்கையை நீட்டுங்கள். இரு கண்களும் திறந்திருக்கட்டும். உள்ளங்கையில் ஓர் ஓட்டை விழுந்து, அதன் வழியே அறை தெரிவதாகத் தோன்றும். இரு கண்களும் வெவ்வேறு காட்சிகளைக் கொடுத்தால் மூளை அவற்றை ஒட்டியோ, ஒன்றை அமுக்கி மற்றதை எடுத்தோ தருகிறது. இத்தாலிய அறிஞர் ஜியாம்பத்திஸ்தா தெல்லா போர்த்தா 1593-இலேயே இரு கண்களுக்கும் முன்னால் இரு வேறு புத்தகங்களை வைத்து, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் படிக்க முடிகிறது என்று எழுதிவைத்தார். 1838-இல் சார்லஸ் வீட்ஸ்டன் இரட்டைப் படக் கருவியால் இதை முறையாக ஆராய்ந்தார். தெளிவான காட்சியும் மங்கிய காட்சியும் மோதினால் பெரும்பாலும் தெளிவானதே வெல்லும்.

1970-இல் வட வியட்நாமின் சோன் தே சிறைமுகாமில் இருந்த போர்க்கைதிகளை மீட்கப்போன அமெரிக்கர்கள் துப்பாக்கியில் வைத்திருந்த கருவி விசித்திரமானது. அதன் வழியே எதையும் பார்க்க முடியாது. முன்பக்கம் அடைபட்ட குழாய்க்குள் ஒளிப்புள்ளி மட்டும். ஒரு கண் புள்ளியைப் பார்க்கும், மறு கண் உலகத்தைப் பார்க்கும், மூளை இரண்டையும் ஒட்டிவிடும். பிண்டன் 1981-இல் தொடங்கிய தொழில், இதே கோட்பாட்டில் தென்னாப்பிரிக்காவில் செய்யப்பட்ட இன்னொரு கருவியை இறக்குமதி செய்வதுதான். அந்த நிறுவனமே பிறகு டிரிஜிகான் ஆனது. 1987-இல் வந்த ஏகாக்கில் அவர் அடைபட்ட குழாய்க்குப் பதில் நான்கு மடங்குத் தொலைநோக்கியை வைத்தார். பகலில் (பிந்தைய வகைகளில்) ஒளியிழை, இரவில் 12 ஆண்டு அரைவாழ்வுள்ள டிரிட்டியம் வாயு. மின்கலமே வேண்டாம். துப்பாக்கியை வேகமாகத் திருப்பும்போது தொலைநோக்கிக் காட்சி நான்கு மடங்கு வேகத்தில் ஓடிக் கலங்கிவிடும். மூளை அதைத் தள்ளிவிட்டு, வெறுங்கண்ணின் காட்சியை எடுத்துக்கொண்டு, ஒளிரும் குறியை மட்டும் அதன்மேல் ஏற்றி வைத்துக்கொள்ளும். துப்பாக்கி நின்றதும் பெருக்கிய காட்சி தெளிவடையும், மூளை அதற்குத் தாவும். கையோ கழுத்தோ அசைய வேண்டியதில்லை.

இதைப்போல் எளிமையான தீர்வு இந்தத் துறையில் வேறில்லை. ஆனால் மூளை எல்லோருக்கும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. இரு கண்களும் பொதுக்காட்சி இல்லாதபோது பலருக்குச் சற்றே விலகி நிற்கும். கண் மருத்துவர்கள் மறைந்த மாறுகண் என்பார்கள். அந்த விலகல் அப்படியே குறியின் விலகலாகிவிடும். வலத்தோளில் சுடுபவருக்கு இடக்கண் ஓங்கியிருந்தால் மூளை எந்தக் காட்சியை எடுக்கும் என்பது உறுதியில்லை. உயிர் பிரச்சினையான இடத்தில், ஆளுக்கு ஆள் மாறும் ஒன்றின்மேல் ஒரு படை முழுவதையும் நிறுத்த முடியாது என்பதே என் கருத்து.

மாறும் வேலையைக் கையிடமே விட்டவர்கள் வேறு சிலரும் உண்டு. கனடாவின் எல்கான் நிறுவனம் ஒரு நெம்புகோலைத் தட்டினால் உள்ளே லென்ஸ்கள் புரண்டு, ஒரு மடங்கிலிருந்து நான்கு மடங்குக்குத் தாவும் கருவியைச் செய்தது. புலம் 26 பாகையிலிருந்து 6.5-க்குச் சுருங்கும். இப்போது படைகள் சாய்ந்திருப்பது அதையும் தாண்டி, வளையத்தைத் திருகினால் ஒன்றிலிருந்து ஆறு அல்லது எட்டு மடங்கு வரை படிப்படியாகப் பெருகும் தொலைநோக்கிகளின் பக்கம். ஐரோப்பாவில் காட்டுப்பன்றிகளை விரட்டி வேட்டையாடுபவர்கள் நெடுங்காலம் பயன்படுத்திய வகை. 2020-இல் அமெரிக்க மரைன் படை ஏகாக்கின் இடத்தில் வைக்க ஒன்று முதல் எட்டு மடங்குக் கருவிகள் ஏறத்தாழ 19,000 வாங்க முடிவு செய்தது. 2022-இல் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்த எக்ஸ்எம்157-உம் அதே பெருக்கம்தான். லேசர் தொலைவுமானியும் குண்டின் பாதையைக் கணிக்கும் கணினியும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

கூடுதல் பெருக்கத்துக்கு இவை கொடுக்கும் விலை, கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் தடிமன். முன்லென்ஸின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் அது கிடைக்கும். 24 மி.மீ. லென்ஸ், ஆறு மடங்கு என்றால் 4 மி.மீ. பகலில் நம் கண்பாவையின் அளவும் ஏறத்தாழ அதுவே. கண் இரண்டு மூன்று மி.மீ. தள்ளினாலே காட்சியின் ஓரம் கறுக்கத் தொடங்கும். ஒரு மடங்கில் கற்றை அகலும் என்றாலும், தலை எங்கிருந்தாலும் வேலை செய்யும் புள்ளிக் கருவியின் தாராளம் வராது. வளையத்தைத் திருக ஒரு கையும் ஒரு நொடியும் வேண்டும்.

அந்த நொடியை மிச்சப்படுத்த, போட்டிகளில் சுடுபவர்களும் சில சிறப்புப் படையினரும் மணிக்கட்டிடம் போயிருக்கிறார்கள். தொலைநோக்கியை ஆறு மடங்கிலேயே விட்டுவிட்டு, அதன் விலாவில் 45 பாகைச் சாய்வில் சிறு புள்ளிக் கருவி ஒன்றைப் பொருத்துகிறார்கள். கிட்டத்தில் ஏதாவது தென்பட்டால் துப்பாக்கியைத் தோளிலேயே வைத்தபடி 45 பாகை சாய்த்தால் போதும். சாய்த்ததும் பக்கத்தில் இருந்த புள்ளி குழலுக்கு நேர்மேலே வந்துவிடுகிறது. அதனால் பார்வைக்கோடும், புவியீர்ப்பால் தாழும் குண்டின் பாதையும் மறுபடி ஒரே செங்குத்துத் தளத்தில் அமைகின்றன. கன்னமும் கட்டையைவிட்டு எழுவதில்லை.