கரைந்த எலும்பு மீண்டும் வளருமா?

இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேயரில், டாலிகஞ்ச் என்ற பகுதியில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பிராந்திய ஆராய்ச்சி நிலையம் ஒன்று 1983-ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. தீவு மக்களை வாட்டி, காரணம் விளங்காமல் ‘அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்’ என்று மட்டும் சொல்லப்பட்டு வந்த நோய் உண்மையில் எலிக் காய்ச்சலே என்று 1990-களில் நிர்ணயித்துச் சொன்ன பெருமை இந்த நிலையத்துக்கு உண்டு. பல் வைத்தியத்துக்கும் இதற்கும் நேரான சம்பந்தம் இல்லை. ஆயினும், ஆடுகின்ற பல்லை, பலவித அணுக்களாக மாறவல்ல ஸ்டெம் செல்லால் உறுதிப்படுத்தலாம் என்ற விளம்பரத்தைக் கைப்பேசியில் கண்டு, கப்பலேறிச் சென்னைக்குப் போய் வரலாமா என்று யோசிக்கும் டாலிகஞ்ச் வாசி ஒருவர், தம் வீட்டுக்கு அருகிலேயே கிளை வைத்திருக்கும் அந்தக் கவுன்சில் இவ்விஷயத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்வது நலம்.

அதற்குமுன் பல் ஏன் ஆடுகிறது என்று பார்ப்போம். ஈறு நோய் ஈற்றோடு நின்றுவிடுவதன்று. பல்லின் வேரைச் சுற்றிலும், சுமார் கால் மில்லிமீட்டர் அகலத்தில், மெல்லிய நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. அதன் இழைகள் ஒரு புறம் வேரின் மேற்பூச்சாகிய சிமெண்டத்திலும் மறுபுறம் தாடை எலும்பிலும் புதைந்து, கடிக்கும் வேகமெல்லாம் எலும்பைத் தாக்காதபடி பல்லைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. சரியாகத் துலக்காத பல்லின் ஓரத்தில் அழுக்குப் படிந்து, அதில் கிருமிகள் பெருகி, அவ்வழுக்கே நாளடைவில் காரையாக இறுகி ஈற்றுக்குள் இறங்கும்போது, கிருமிகளை ஒழிக்கக் கிளம்பும் சரீரத்தின் எதிர்ப்பு சக்தியே அளவு மீறி இந்த நாரையும் எலும்பையும் அழித்துவிடுகிறது. ஆரோக்கியமான வாயில் 3 மில்லிமீட்டருக்கு மேற்படாத ஈற்றிடுக்கு, 6, 7 மில்லிமீட்டர் என்று ஆழ்ந்து போகிறது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கடுமையான ஈறு நோய் உடையவர்கள் உலகெங்கும் 100 கோடிக்கு மேல். இத்தனை பெரிய நோய் பெரும்பாலும் வலியின்றியே வளருகிறது என்பதுதான் விபரீதம். அதிலும் புகைபிடிப்பவருக்கு ஈற்றில் ரத்த ஓட்டம் குறைந்து ரத்தக் கசிவும் தணிந்துவிடுவதால், எச்சரிக்கையாக வரவேண்டிய முக்கிய அடையாளமும் மறைந்துபோகிறது.

பல் வைத்தியர் காரையைச் சுரண்டி எடுத்து வேரைச் சுத்தம் செய்தால் நோய் அநேகமாக நின்றுவிடும். (சுத்தம் செய்தால் பல் ஆட்டம் காணும் என்று நம்மவர் பயப்படுவது வீண், எலும்பு முன்பே போய்விட்டது, காரை அதை மூடி மறைத்திருந்தது, அவ்வளவே.) ஆனால் நின்றுபோவது வேறு, இழந்தது திரும்புவது வேறு. புண் ஆறும்போது, களை பயிரை முந்திக்கொள்வதுபோல, ஈற்றின் மேல்தோல் அணுக்கள் வேரோரமாக விரைந்து இறங்கி இடத்தைப் பிடித்துக்கொள்ள, மெதுவாக வளரும் நாருக்கும் எலும்புக்கும் அங்கே இடமில்லாமற் போகிறது. வேரின் மேல் எந்த அணு முதலில் வந்து குடியேறுகிறதோ அதுவே புண் எவ்விதம் ஆறும் என்பதைத் தீர்மானிக்கிறது என்று மெல்ச்சர் என்பவர் 1976-இல் எழுதினார். 1982-இல் ஸ்வீடன் நாட்டு நிபுணர்களான நைமன் முதலானோர், ஈற்றுத் தோலுக்கும் வேருக்கும் நடுவே ஒரு வடிதாளை மறைப்பாக வைத்துத் தைத்து, தோலைத் தடுத்து நாருக்கு அவகாசம் தந்தால் மனிதப் பல்லிலும் புதுப் பிணைப்பு உண்டாகும் என்று காட்டினார்கள். இன்றும் பல் மருத்துவமனைகளில் சவ்வு வைத்துச் செய்யும் சிகிச்சைக்கு மூலம் இதுவே. எனினும், எலும்புப் பள்ளம் குறுகி ஆழமாக இருக்கும் இடங்களில் நன்றாகப் பயன்படும் இம்முறை, எலும்பு நாற்புறமும் தட்டையாகத் தேய்ந்துபோன இடத்தில் அதிகம் உதவுவதில்லை.

தோலைத் தடுப்பதோடு நில்லாமல், நாரை உண்டாக்கும் அணுக்களையே கொண்டுவந்து அங்கே வைத்தால் என்ன என்ற கேள்வியிலிருந்து ஸ்டெம் செல் ஆராய்ச்சி கிளம்பிற்று. அமெரிக்க தேசிய சுகாதார நிலையத்தைச் சேர்ந்த சோ, ஷி முதலானோர், பிடுங்கிய கடைவாய் ஞானப்பற்களின் வேரில் ஒட்டியிருந்த நாரிலிருந்து இத்தகைய அணுக்களைப் பிரித்தெடுத்து, அவற்றை எலிகளின் உடலில் வைத்தபோது சிமெண்டமும் நாரும் போன்ற அமைப்பு உருவாயிற்று என்று 2004-இல் வெளியிட்டார்கள்.

இதை மனிதரிடம் பிரயோகித்ததில் டோக்கியோ மகளிர் மருத்துவப் பல்கலைக்கழகத்தாரின் முறை நுட்பமானது. நோயாளியின் பயனற்ற ஞானப்பல் ஒன்றைப் பிடுங்கி, வேரின் நடுப்பகுதியிலுள்ள நாரை மட்டும் வழித்தெடுத்து, அதன் அணுக்களை ஒருவிதத் தனித் தட்டில் வளர்க்கிறார்கள். உடல் சூட்டில் அணுக்களைப் பற்றிக்கொண்டிருக்கும் அந்தத் தட்டு, குளிரவைத்தவுடன் பிடியை விட்டுவிடும். எந்த மருந்தும் ஊற்றிப் பிரிக்காமலே அணுக்கள் ஒரு மெல்லிய தாளைப்போல முழுசாகக் கழன்று வரும். அவ்விதம் எடுத்த மூன்று தாள்களை அடுக்கி, சுத்தம் செய்த வேரின்மேல் பதித்து, எலும்புப் பள்ளத்தைக் கால்சியம் பாஸ்பேட் மணிகளால் நிரப்பி, ஈற்றைத் தைத்துவிடுகிறார்கள். 10 நோயாளிகளிடம் இதைச் செய்து பார்த்ததில், கடுமையான தீங்கு எதுவும் நேரவில்லை என்றும், ஆறு மாதத்தில் எலும்பு சராசரி 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் உயர்ந்தது என்றும் 2018-இல் அறிவித்தார்கள்.

இதைப் படித்ததும் உற்சாகம் பிறப்பது இயல்பே. ஆனால் அந்தப் பத்துப் பேருக்கு அருகே, அணு இல்லாமல் மற்ற எல்லாம் செய்யப்பட்ட வேறு பத்துப் பேர் இல்லை. அத்தகைய ஒப்பீட்டோடு சீனாவில் 30 நோயாளிகளிடம் நடந்த பரிசோதனையின் முடிவு 2016-இல் வந்தது: அணு வைத்தவர்களுக்கும், அணு இல்லாமல் எலும்புத் துகள் வைத்தவர்களுக்கும் எலும்பு வளர்ந்தது, இரு சாராருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. இதனால் இந்தச் சாஸ்திரம் பொய்யென்று ஆகிவிடாது. தத்துவம் மெய், அணுக்கள் மெய், அபாயமும் இதுவரை தெரியவில்லை. பழைய, மலிவான சிகிச்சையைவிட இது மேல் என்பதுதான் இன்னும் நிரூபணமாகவில்லை. என் அபிப்பிராயத்தில், கைக்காசைக் கொட்டிச் செய்துகொள்ளும் சிகிச்சையாக இதை எண்ணுவதற்கு இன்னும் காலம் வரவில்லை.

அரசாங்க விதியும் அதையே சொல்லுகிறது. ஆராய்ச்சிக் கவுன்சிலும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, சில ரத்த நோய்கள் முதலியவற்றுக்குச் செய்யப்படும் ரத்த ஸ்டெம் செல் மாற்றத்தைத் தவிர, மற்ற ஸ்டெம் செல் பிரயோகங்கள் யாவும் முறைப்படி அனுமதி பெற்ற பரிசோதனையாக மட்டுமே நடைபெறலாம். அதில் சேருகிறவரிடம் பணம் வாங்கலாகாது. குழந்தையின் விழுந்த பால்பல்லைப் பிற்காலத்துக்கென்று பத்திரப்படுத்தித் தருவதாகக் கட்டணம் கேட்கும் வியாபாரத்துக்கும் இடமில்லை. தொப்புள்கொடி ரத்தம் ஒன்றைத் தவிர வேறெதையும் அவ்விதம் சேமித்து வைக்க அந்நெறிமுறைகள் அனுமதிக்கவில்லை.

ஆகவே, உங்கள் ஈற்றுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை செய்வதாக யாரேனும் சொன்னால், இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் அதற்கு உரிய பதிவு எண் என்ன என்று கேளுங்கள். 2009 முதல் பதிவு செய்வது கட்டாயம், யாரும் இணையத்தில் இலவசமாகச் சரிபார்த்துக்கொள்ளலாம். எண் சொல்லாமல் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அதற்கிடையே, வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் புகையிலையை விட்டு, சர்க்கரை நோய் இருந்தால் அதைக் கட்டுக்குள் வைத்து, ஆறு மாதத்துக்கொருமுறை பக்கத்திலுள்ள அரசு மருத்துவமனையிலேனும் காரையை எடுத்துக்கொள்ளுங்கள். நாளை இந்தச் சிகிச்சை தேறி வந்தாலும், சுத்தம் செய்யாத வேரின்மேல் எந்த அணுவும் ஒட்டாது.