பயமின்றி அண்ணாந்து பார்த்த இரவு

எங்கள் தலைமுறைப் பெண்களுக்கு வானம் என்றாலே பயம். 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபின், பருத்தித்துறை இரவுகளில் நட்சத்திரங்கள் கொட்டிக்கிடந்தன. நாமோ விமானச் சத்தம் கேட்கிறதா என்றறியவே அண்ணாந்தோம். கேட்டதும் பங்கருக்குள் ஓடினோம். இன்றும் என் அம்மா இருட்டியபின் முற்றத்தில் நிற்கமாட்டார்.

அந்தப் பயத்தை விடுவதற்காகவே நான் வானம் பார்க்கப் பழகினேன். வெளிநாட்டிலிருந்து வந்த அண்ணா விட்டுச்சென்ற பைனோகுலர், கமரா, முக்காலி ஆகியனவே என் கருவிகள்.

நான் தேடியது சென்ரோரஸ் ஏ என்ற விண்மீன் மண்டலத்தை. நமது பால்வீதியைப் போல கோடானுகோடி நட்சத்திரங்கள் சேர்ந்த இன்னொரு மண்டலம் அது. சுமார் 1 கோடியே 20 இலட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ளது. 1826இல் அவுஸ்திரேலியாவிலிருந்து அதைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் டன்லொப் ஒரு நெசவாளியின் மகன். 1986இல் அங்கு வெடித்த நட்சத்திரமொன்றைக் கண்டறிந்த ரொபேட் எவன்ஸ் ஒரு கிறிஸ்தவ போதகர். வானத்தைப் பார்க்கப் பட்டம் தேவையில்லை.

மே மாதத்தில், நிலவில்லாத இரவில், பத்து மணியளவில் தெற்கே பாருங்கள். தாழ்வாகத் தென்சிலுவை தெரியும். அதற்கு இடப்புறம் மேலே, மங்கலான நட்சத்திரம் போலத் தெரிவது ஒமேகா சென்ரோரி என்ற நட்சத்திரக் கொத்து. பைனோகுலரை அதில் வைத்துச் சற்று மேலே நகர்த்தினால் சிறு புகைப்பொட்டு ஒன்று தெரியும். அதுதான்.

ஆறு ஆறு செக்கனாக அறுபது படங்கள் எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். வட்டமான ஒளியும் அதன் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடும் தெரிந்தன. அம்மாவுக்குக் காட்டினேன்.

"நடுவிலை என்ன பிள்ளை, வெட்டின மாதிரி?"

"தூசுப் பட்டை அம்மா. முந்தி இன்னொரு மண்டலம் வந்து இதோடை மோதிக் கலந்தது. அதின்ரை தடயம்தான் இது. அந்தத் தூசுக்குள்ளைதான் இப்ப புது நட்சத்திரங்கள் பிறக்குது."

அம்மா நெடுநேரம் படத்தையே பார்த்தார். பிறகு, "எந்தப் பக்கம் இருக்கு? காட்டு" என்று எழுந்து முற்றத்துக்கு வந்தார். என் தோளைப் பிடித்தபடி தெற்கே அண்ணாந்து நின்றார்.

சகோதரிகளே, பைனோகுலர் இல்லாவிட்டாலும் தென்சிலுவையை வெறுங்கண்ணாலேயே காணலாம். வீட்டில் வானத்துக்கு அஞ்சும் ஒருவர் இருந்தால், ஒருநாள் அவரின் கையைப் பிடித்து முற்றத்துக்கு அழைத்து வாருங்கள்.