கப்பல்கள் தொங்கும் கோவில்



மொன்றியலில் புனித சூசையப்பரின் மலைக்கோவிலுக்குப் போகாத தமிழ்க் குடும்பங்கள் குறைவு. சைவர்களாகிய நாங்களும் அங்கே மெழுகுதிரி கொளுத்தி வருகிறோம். ஆனால் பழைய துறைமுகத்துக்கு அருகே, சென் போல் வீதியில் உள்ள ஒரு சிறிய தேவாலயம் நம்மில் பலருக்குத் தெரியாது. ‘நோத்ர் டாம் து போன்செக்கூர்’ என்பது அதன் பெயர். நல்லுதவி மாதா என்று சொல்லலாம். கோடையில் ஒருநாள் அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு அங்கே போனேன்.

1653இல் பிரான்சிலிருந்து வந்து, இங்கே பிள்ளைகளுக்குப் படிப்பித்த மார்கரித் பூர்ஜுவா என்ற பெண்மணியின் முயற்சியால் எழுந்த கோவில் இது. 1675இல் அத்திவாரம் இட்டார்கள். 1754இல் தீயில் எரிந்தது. இன்றுள்ள கட்டடம் 1771இல் அதே இடத்தில் தொடங்கப்பட்டது. அம்மையாருக்கு 1982இல் புனிதர் பட்டம் கிடைத்தது.

உள்ளே போய் அண்ணாந்து பார்த்த மகள், “அம்மா, கோவிலுக்குள்ள ஏன் கப்பல்?” என்று கேட்டாள். கூரையிலிருந்து சின்னச் சின்னக் கப்பல்கள் விளக்குகளாகத் தொங்கின. நான் வாய் திறக்கமுன் அம்மா, “நேர்த்திக்கடன், பிள்ளை” என்றார்.

அம்மா சொன்னது சரி. கடலில் தப்பிய மாலுமிகள் நன்றியாகக் கொடுத்தவை அவை. இது ஐரோப்பாவின் பழைய வழக்கம். ஒல்லாந்தில் ஹார்லெம் நகரத்துப் பெரிய தேவாலயத்திலும் கப்பல் உருவங்கள் தொங்குகின்றன. இங்கே கூரைக்கு மேலும், ஆற்றைப் பார்த்தபடி, கைகளை விரித்து மாதா நிற்கிறார்.

இன்னொரு கதையும் உண்டு. 1847இல் பஞ்சத்துக்குத் தப்பி அயர்லாந்து மக்கள் கப்பல் கப்பலாக இங்கே வந்தார்கள். கூடவே தைபஸ் காய்ச்சலும் வந்தது. ஆயிரக்கணக்கானோர் இந்த நகரில் இறந்தார்கள். அவர்களைப் பராமரித்த கன்னியாஸ்திரிகள் சிலரும் இறந்தார்கள். அந்தக் காட்சியைத் தேயோஃபில் ஹமேல் வரைந்த ஓவியம் இந்தக் கோவிலுக்கு உரியது.

நமக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1986 ஆவணியில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றினார்கள். அவர்களில் பலர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்து சேர்ந்தார்கள்.

கோவில் வாங்கிலில் அமர்ந்து அம்மா தன் கதையைச் சொன்னார். 1990இல் மன்னார்க் கரையிலிருந்து இராமேஸ்வரத்துக்கு இரவில் படகேறினோம். எனக்குப் பன்னிரண்டு வயது. படகுக்குள் தண்ணீர் ஏறியபோது, “கரை சேர்ந்தால் மடுவுக்கு வருவேன்” என்று அம்மா நேர்ந்தாராம். அது எனக்கே அன்றுதான் தெரிந்தது. மகளுக்கோ படகில் வந்ததே தெரியாது. “பிளேனில் வந்தோம்” என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். பிள்ளை பயப்படுவாள் என்று மறைத்தேன். அவள் பயப்படவில்லை. அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “படகில எத்தனை பேர்? யார் ஓட்டினது?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அம்மா ஒரு மெழுகுதிரி கொளுத்தினார். “நேர்த்தி மடுவிலதான் தீர்க்கவேணும். இது, மறக்கேல்லை எண்டு சொல்ல” என்றார்.

நேயர்களே, ஷோம் து மார்ஸ் மெற்றோவில் இறங்கினால் நடந்தே போகலாம். திறந்திருக்கும் நேரத்தை முன்பே கேட்டறிந்து செல்லுங்கள். பிள்ளைகளையும் மூத்தவர்களையும் ஒன்றாகக் கூட்டிச் செல்லுங்கள். நீங்கள் எப்படிக் கரை சேர்ந்தீர்கள் என்பதை உங்கள் வாயாலேயே அவர்கள் கேட்கட்டும்.