பேச வேண்டாம், வந்து உட்காருங்க

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பெயர் போடவில்லை. குடியை விட விரும்புகிறவர்களின் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குப் போகிறவர்கள் பத்திரிகையில் தங்கள் பெயரும் படமும் வர விடுவதில்லை. அது எங்கள் மரபு.

குடியை விடுவதற்குக் கோயிலில் கயிறு கட்டியிருக்கிறேன், மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். எதுவும் நிற்கவில்லை. ஆனால் கார்த்திகை பிறந்து மாலை போட்டால் ஒரு மண்டலத்துக்கு ஒரு சொட்டு தொடமாட்டேன். மலையிறங்கி மாலையைக் கழற்றியதும் கடை வாசலில் நிற்பேன். பட்டறைத் தொழிலாளிகள் எத்தனையோ பேருடைய கதை இது. மன உறுதி இல்லாதவன் என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். உறுதி இல்லாதவன் ஒரு மண்டலம் எப்படி இருந்தான்? அந்த நாட்களில் குருசாமி இருந்தார், சாயங்காலமானால் பஜனை இருந்தது, ‘சாமி, வாங்க’ என்று கூப்பிட நாலு பேர் இருந்தார்கள். மாலையோடு சேர்ந்து அந்த ஆட்களும் போய்விடுகிறார்கள். மாலை கழற்றிய பிறகும் கலையாத கூட்டம் ஒன்று வேண்டும். எனக்கு அது ஏ.ஏ.வில் கிடைத்தது.

அதற்கு முன் ஒன்று சொல்லியாக வேண்டும். தினமும் குடிக்கிறவர்கள் வைத்தியம் பார்க்காமல் சட்டென்று நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் கண்ணில் தெரியலாம், உயிரே போகலாம். காலையில் கை நடுங்கி மைக்ரோமீட்டரைப் பிடிக்க முடியாத நிலையில்தான் நான் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போனேன். மருந்து கொடுத்து நடுக்கத்தை நிறுத்தினார்கள். கூட்டம் நடக்கும் இடத்தை எழுதிக் கொடுத்தது அங்கிருந்த நர்ஸம்மா.

அது ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. வாசலில் நின்ற பெரியவர், “வாங்க, உக்காருங்க. பேசோணும்னு இல்லீங்க, கேட்டாப் போதும்” என்றார். ஊர், சாதி, சம்பளம், எவ்வளவு குடிப்பேன், எதையும் கேட்கவில்லை. ஒவ்வொருவராக எழுந்து, “நான் ஒரு குடிநோயாளி” என்று தொடங்கித் தன் கதையைச் சொன்னார்கள். யாரும் குறுக்கே பேசவில்லை, புத்தி சொல்லவில்லை. சம்பளக் கவரோடு கடைக்குப் போனது, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் விழுந்து கிடந்தது என்று அவர்கள் சொன்னதெல்லாம் என் வீட்டில் நடந்தவை. இத்தனை காலம் எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன்.

கட்டணம் கிடையாது. முடிவில் ஒரு டப்பா சுற்றி வரும், இருந்தால் போடலாம். வெளியார் நன்கொடையை வாங்குவதில்லை. சேருவதற்கு ஒரே தகுதி, குடியை விட வேண்டும் என்ற ஆசை. கடவுள் பேச்சு வரும், ஆனால் எந்தக் கடவுள் என்பது அவரவர் பாடு. எங்கள் கூட்டத்தில் திருநீறு பூசியவரும் இருக்கிறார், தொப்பி போட்டவரும் இருக்கிறார், சாமியே இல்லை என்பவரும் இருக்கிறார். காலமெல்லாம் குடிக்க மாட்டேன் என்ற சத்தியத்தையும் யாரும் கேட்பதில்லை. இன்றைக்கு மட்டும் தொடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆசை எழும் நேரத்தில் கூப்பிட ஒரு மூத்த உறுப்பினரின் போன் நம்பர் கையில் இருக்கும்.

இது தொடங்கியதும் ஒரு போன் பேச்சில்தான். 1935இல், நியூயார்க் பங்குத் தரகர் பில், அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்துக்குத் தொழில் விஷயமாகப் போய்த் தோற்றார். ஓட்டலில் குடி அவரை இழுத்தது. தன்னைக் காத்துக்கொள்ள இன்னொரு குடிநோயாளியிடம் பேச வேண்டும் என்று பலருக்கும் போன் செய்து, கடைசியில் டாக்டர் பாப் என்ற அறுவை மருத்துவரைச் சந்தித்தார். பாப் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10ஐத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. இது வெறும் நம்பிக்கை என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: 10,565 பேர் பங்கேற்ற 27 ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு 2020இல் அலசியது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதற்கு, ஏ.ஏ.வில் கொண்டுசேர்க்கும் சிகிச்சை மற்ற பேச்சு சிகிச்சைகளைவிட அதிகம் உதவுகிறது என்று அதில் தெரிந்தது.

முதல் கூட்டம் பிடிக்காவிட்டால் வேறு குழுவுக்குப் போய்ப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு மாதிரி இருக்கும். பெண்களும் வரலாம். குடிக்கிறவர்களின் மனைவி, அம்மா, பிள்ளைகளுக்கு 1951இல் தொடங்கிய அல்-அனான் தனியாக இருக்கிறது. அவர் வரமாட்டேன் என்றாலும் நீங்கள் போகலாம், தாயே. அவர் திருந்துவதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இடம் தெரியாவிட்டால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலோ, போதை மறுவாழ்வு மையத்திலோ “ஏ.ஏ. மீட்டிங் எங்கே?” என்று கேளுங்கள். போதை மீட்புக்கான மத்திய அரசின் இலவச எண் 14446. இன்றைக்கே கூப்பிடுங்கள்.