ஆலங்காயத்திலிருந்து மலையேறுவோருக்கு

ஆலங்காயத்தைத் தாண்டி ஜமுனாமரத்தூர் சாலையில் ஏறினால் ஜவ்வாது மலை தொடங்கிவிடும். வழியில் காவலூர். வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி, 1986 முதல் அங்கிருந்துதான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இருட்டு அங்கே ஒரு செல்வம். இரவில் அந்தப் பக்கம் வண்டியின் விளக்கைத் தாழ்த்திப் போனாலே பெரிய உதவி.

இன்னும் மேலே போனால் சாமை விளையும் மலைக் கிராமங்களும் பீமன் அருவியும் இருக்கின்றன. பார்த்ததும் காட்டுக்குள் இறங்கி நடக்கத் தோன்றும், யாருக்குத்தான் தோன்றாது? ஆனால் இது காப்புக்காடு. இங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம்.

அதற்குக் காரணமும் உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் வந்தது. மாநிலம் முழுவதும் 40 பாதைகள். இணையத்தில் பதிவு செய்தால், அந்தக் காட்டை அறிந்த உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். நம் பக்கத்தில் ஏலகிரியும் ஜலகாம்பாறையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

கோடையில் சருகு காய்ந்து கிடக்கும். காட்டோரம் அடுப்பு மூட்டாதீர்கள், பீடி சிகரெட் துண்டை வீசாதீர்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கைக் கையோடு திருப்பிக் கொண்டுவாருங்கள்.